சி-டைப்ஸ், பிறகு சிஎஃப்எஃப்ஐ: மூன்று வருடப் பாவனை

கிளிநொச்சியில் மாமாவின் தோட்டக் கிணற்றில் நீர்மட்டம் பார்க்கும் சென்சர் பூட்டி மூன்று வருடமாகிறது. அது மொட்பஸ் என்ற, கருவிகள் தமக்குள் பேசும் நெறிமுறையில் பேசும். ஆர்எஸ்-485 வயர் வழியாக றாஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்கு வரும். வாசிப்பது லிப்மொட்பஸ் என்ற சி லைப்ரரி, வரைபடம் கீறுவது பைதன். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாலம் நான் எழுதியது. முழுக்கப் பைதனிலேயே எழுதிய பைமொட்பஸ் லைப்ரரி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் முதலில் சியில் எழுதி ஓடிக்கொண்டிருந்ததைக் கலைக்க மனம் வரவில்லை.

பாலத்துக்கு முதலில் எடுத்தது சி-டைப்ஸ், பைதனிலிருந்து சி லைப்ரரியைக் கூப்பிட உதவும் கருவி. 2006இல் வந்த 2.5 பதிப்புத் தொடக்கம் பைதனோடேயே வருவதால் தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. பதினொரு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் மெமரி கார்ட் பழுதானது. புதியதில் 64 பிட் இயங்குதளம் போட்டேன். அதே நிரல், சென்சரோடு இணைக்கும் இடத்தில் செக்மென்டேஷன் ஃபோல்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு நிரல் விழுவது. பிழை எந்த வரியில் என்று காட்டும் ட்ரேஸ்பேக் கூட இல்லாமல் பைதனே விழுந்துவிட்டது. வயரில்தான் பிழை என்று இரண்டு நாள் கிணற்றடியில் நின்றேன். "உது சரிவராது தம்பி, கயித்தில கல்லைக் கட்டி விட்டுப் பாப்பம்" என்றார் மாமா. இப்படி விழும்போது இடத்தைக் காட்டும் ஃபோல்ட்ஹேண்ட்லரை இயக்கிப் பார்த்த பிறகுதான் எந்த வரி என்று தெரிந்தது.

லிப்மொட்பஸ் இணைப்பை உருவாக்கித் திருப்பித் தருவது ஒரு பொயின்டர், அதாவது மெமரி முகவரி. திரும்பி வருவது என்ன வகை என்று நாம் சொல்லாவிட்டால், சி-டைப்ஸ் அதை இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். 32 பிட்டில் இரண்டும் 4 பைட், அதனால் என் பிழை ஒளிந்திருந்தது. 64 பிட்டில் பொயின்டர் 8 பைட். பாதி வெட்டுப்பட்டுப் போனது. திரும்பி வரும் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் என்று ஒரு வரி சேர்த்ததும் சரி. ஆனால் நம்பிக்கை போய்விட்டது.

இப்போது அதே வேலைக்கு சிஎஃப்எஃப்ஐ என்ற இன்னொரு கருவி, ஏபிஐ முறையில், அதாவது பாலத்தையே சியில் கொம்பைல் செய்து. லைப்ரரியின் ஹெடர் கோப்பிலுள்ள அறிவிப்புகளை அப்படியே ஒட்டினால் போதும். நான் வகையை மாற்றி எழுதினால் சி கொம்பைலரே கத்தும். அதற்கு விலை, றாஸ்பெரி பையிலேயே ஜிசிசி என்ற கொம்பைலரும் பைதன் ஹெடர்களும் வேண்டும். டேட்டா முடியும் மாதக் கடைசியில் அவற்றை இறக்குவது எரிச்சல்தான். எடுத்த மெமரியை ஃப்ரீ செய்ய மறக்கும் எனக்கு, அதைத் தானே செய்யும் எஃப்எஃப்ஐ.ஜிசி பெரிய உதவி.

இரண்டுமே செய்யாத வேலை ஒன்று உண்டு. வாசிப்பு தவறினால் லிப்மொட்பஸ் -1 தரும், பைதன் அதைச் சாதாரண எண்ணாகவே வாங்கிக்கொள்ளும். அதை எக்ஸெப்ஷனாக மாற்றுவது நம் பொறுப்பு. நான் மாற்றாமல் விட்ட ஒரு கிழமை, வயர் கழன்று கிடந்தும் பழைய வாசிப்பே திரும்பத் திரும்பப் போய், வரைபடத்தில் கிணற்று நீர் அசையாமல் நின்றது. கயிறு விட்டுத்தான் கண்டுபிடித்தோம்.