பிபிடி மாற்றும் மேக்ரோ: 'முடிந்தது' என்றால் நம்பிவிடாதீர்கள்

மூணாறில் தமிழ்வழி வகுப்பு எடுக்கும் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "சார், அந்த மேக்ரோவை நானும் போட்டுக்கட்டுமா?" பிபிடி ஃபைல்களை, அதாவது பவர்பாயின்ட் பாடங்களை, மொத்தமாக பிடிஎஃப் ஆக்கும் குட்டி நிரல் அது. இங்கே பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் எங்கள் பள்ளியில் வருடக்கணக்காக அதைத்தான் ஓட்டுகிறேன் என்று அவருக்குத் தெரியும். காரணமெல்லாம் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் மேக்ரோவை எங்கே ஒட்டுவது, எப்படி ஓட்டுவது என்பதை விட்டுவிடுகிறேன். ஃபோல்டரைக் காட்டினால் போதும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிபிடியையும் திரைக்குக் கொண்டுவராமலே திறந்து, பிடிஎஃப் ஆக்கி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். கையால் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும் வேலை, சோற்றுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பதற்குள் முடிந்திருக்கும். இதை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் நன்றாக இருக்கட்டும்.

சின்னக் குறைகள் உண்டு. ஒரே பெயரில் பிபிடியும் பிபிடிஎக்ஸும் இருந்தால் பின்னால் வருவது முன்னதன் பிடிஎஃப்பை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அனிமேஷன் போய்விடுவதால், கேள்விக்குப் பிறகு வரவேண்டிய விடை கேள்வியோடேயே தெரியும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது ஃபான்ட்.

கேரளப் பள்ளிகளில் கைட் (பள்ளிகளின் கணினி வசதிகளைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) தரும் லேப்டாப் எல்லாம் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எங்கள் கைக்கு வரும் தமிழ்ப் பாடங்களோ பெரும்பாலும் பொள்ளாச்சி, கோவை ஆசிரியர்கள் விண்டோஸில் செய்தவை. பழையவற்றில் நிறைய பாமினியில் அடித்தவை. பாமினி, இன்று எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான யூனிகோடு முறை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஃபான்ட் அது. அந்த ஃபான்ட் இயந்திரத்தில் இல்லையென்றால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். மேக்ரோ அதைக் கண்டுகொள்ளாது. வேறொரு ஃபான்ட்டைப் போட்டு பிடிஎஃப் ஆக்கிவிட்டு 'முடிந்தது' என்று பெட்டி காட்டும்.

போன மாதம் பள்ளி லேப்டாப் ரிப்பேருக்குப் போய், எல்லாம் புதிதாக ஏற்றித் திரும்பி வந்தது. நாங்கள் சேர்த்து வைத்திருந்த ஃபான்ட்கள் ஒன்றும் இல்லை. மேக்ரோ வழக்கம்போல ஓடியது, வழக்கம்போல 'முடிந்தது' என்றது. எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். மலையாளவழிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பாடப்பொருளில் ஒரு பங்குகூடத் தமிழில் கிடைக்காத ஊர் இது. இருக்கிற கொஞ்சத்தையும் ஒரு கருவி சத்தமில்லாமல் கெடுத்துவிட்டு நல்ல செய்தி சொன்னால் கோபம் வராதா?

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத விஷயம் இல்லை. ஸ்லைடில் இருக்கும் எழுத்தின் ஃபான்ட் பெயரை மேக்ரோவால் வாசிக்க முடியும். இயந்திரத்தில் என்னென்ன ஃபான்ட் இருக்கிறது என்ற பட்டியலையும் எடுக்க முடியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஃபைலைத் தனியே ஒதுக்கச் சில வரிகள் போதும். மேக்ரோ இல்லாமல், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஒரே கட்டளையில் மாற்றும் வழியும் இருக்கிறது. அதுவும் ஃபான்ட்டைப் பற்றி வாய் திறக்காது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாமினியை ஏற்றிவிட்டு மாற்றினால் ஃபான்ட் பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. அப்புறம் எந்த லேப்டாப்பில், எந்தப் பிள்ளையின் அம்மா போனில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். முதல் தடவை கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டில், எங்கோ விண்டோஸில் செய்த பாடம் போனில் ஒரு புள்ளி பிசகாமல் வந்ததைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தேடினாலோ நகலெடுத்தாலோ பழைய ஆங்கில எழுத்துதான் வரும், அது வேறு கதை.

சரி, நண்பருக்கு என்ன பதில்? வேண்டாம் என்றுதான் சொன்னேன். மறையூர், வட்டவடை என்று தூரத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பும் பாடத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. நான் இதை விடப் போவதில்லை. இன்று மாலையும் ஒன்பதாம் வகுப்பு ஃபோல்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை ஃபான்ட்களை ஏற்றிய பிறகு.