2,85,000 ரூபாய் போனது இப்படித்தான்: குமரி மாவட்டத்தில் வாடகைக்கு விட வீடு வாங்கியவர்கள் படிக்கவும்

மாடி ஒழுக்கைச் சரி செய்வதாக என்னிடம் பணம் வாங்கியவரைக் கேட்டு அவருடைய கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன், நேற்று சாயங்காலம்தான் அங்கே "அவரு எங்க ஆளு இல்ல அக்கா" என்று கைவிரித்தார்கள். ராத்திரி கண்ணை மூடவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் முதல் முறையாக வாடகைக்கு விட வீடு வாங்கியிருக்கும் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் சரி.

பெயர் போடவில்லை. வழக்கறிஞர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நகரத்துக்குள் கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் நிறைய வீட்டுப் படங்கள் என்று இருக்கும் ஒரு கட்டிடப் பராமரிப்பு நிறுவனம். மாடி ஒழுக்கு முதல் பாத்ரூம் டைல்ஸ் வரை எல்லாம் செய்து தருவதாக முகநூலில் விளம்பரம் வரும்.

வீடு ஆசாரிப்பள்ளம் பக்கம், பழைய வீடு, கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன். என் வீட்டுக்காரர் குவைத்தில் சேர்த்த பணத்தில் வாங்கியது. மேலே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் குடும்பம் 8,500 ரூபாய்க்கு வருவதாக இருந்தது. அதற்குள் மாடி ஒழுக்கை அடைக்க வேண்டும், சீலிங்கில் உதிர்ந்த இடங்களைச் சரி செய்ய வேண்டும். நம் ஊருக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. ஒழுகும் வீட்டில் யார் இருப்பார்கள்?

ஆவணியில் அந்த நிறுவனத்திலிருந்து என்று ஒருவர் வந்தார். மரியாதையான ஆள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். பைக் சாவியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போனார். உள்ளே பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும், அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார். "பண்டு கட்டினவன் கடல்மண்ணு கலந்திருக்கான் அக்கா. உப்பு ஏறி, கம்பி துருப்பிடிச்சு வீங்குது. அதான் கான்கிரீட்டைத் தள்ளுது. மேல பூசினா நிக்காது. கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேச்சு, துருவுக்கு மருந்து அடிச்சிட்டுத்தான் பூசணும்" என்றார். அன்றைக்கு முன்பணம் எடுத்து நீட்டியபோது வாங்கவில்லை. "மாமாகிட்ட கலந்து பேசிட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். என் மாமனார் அந்தக் காலத்து ஆள், யாரையும் லேசில் நம்ப மாட்டார். அவரே, "பையன் வெவரமா இருக்கான், இவன்கிட்டயே குடு" என்று சொல்லிவிட்டார்.

மொத்தம் 3,60,000 ரூபாய்க்குப் பேசினோம். நகையை அடகு வைத்துத் தொடங்கினோம். முதலில் ஒரு லட்சம். சாமான் இறங்க ஒரு லட்சம். மாடி வேலை முடிந்தது என்று படம் அனுப்பியதும் 85,000. ஆக 2,85,000 ரூபாய். எல்லாம் அவருடைய செல்போன் எண்ணுக்கு ஜிபே. கம்பெனிக் கணக்கு எண் கேட்டபோது, "அதுல போட்டா ஜிஎஸ்டி சேரும் அக்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்.

பாக்கி 75,000 இருந்ததல்லவா, அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கீழ் போர்ஷனில் அவருடைய வேலைக்காரப் பையன்கள் நாலு பேர் தங்குவார்களாம், மாதம் 7,000 ரூபாய் வாடகை, அட்வான்ஸ் 50,000-ஐ பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்றார். வேலை பார்த்த ஆட்களே குடியிருந்தால் வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். வாடகை ஒப்பந்தம் கேட்டேன். பத்திரம் தானே வாங்கி வருவதாகச் சொன்னார். அந்தப் பத்திரம் இன்று வரை வரவில்லை.

ஐப்பசி மழையில் முதல் ராத்திரியே மேல் வீட்டிலிருந்து போன். "அக்கா, பிள்ளை படுக்கிற கட்டில் நனையுது." ஓடிப்போய்ப் பார்த்தேன். சாக்பீஸ் வட்டம் போட்ட அதே இடங்களில் புதுப் பூச்சோடு சேர்ந்து சீலிங் பெயர்ந்து கிடந்தது. உள்ளே கம்பி அப்படியே செக்கச்செவேல் என்று துருவோடு இருக்கிறது. பிரஷும் போடவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. மாடியில் அடித்த வெள்ளைப் பூச்சை நகத்தால் கிள்ளினேன், பாலாடை மாதிரி உரிந்து கையோடு வந்தது. அடியில் பச்சைப் பாசி. பாசியைக்கூடச் சுரண்டாமல் மேலே அடித்திருக்கிறார்கள். பிறகு தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அந்த ஆள் முதல் நாள் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்கிறார். அதுதான் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்த வேலை இல்லை. எதைச் செய்ய வேண்டும் என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து, அதைச் சொல்லியே பணத்தை வாங்கி, அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அப்புறம் நடந்த அலைக்கழிப்பைக் கேளுங்கள். முதலில் "நாளைக்கு ஆளு விடுதேன் அக்கா". அப்புறம் மழை விடட்டும் என்றார். மழை விட்டதும் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா முடியட்டும், ஆட்கள் எல்லாம் லீவு என்றார். டிசம்பர் 3 போனது, கிறிஸ்துமஸ் வந்தது. கிறிஸ்துமஸ் போனது, சுசீந்திரம் தேர் முடியட்டும் என்றார். தேர் முடிந்து பொங்கல். பொங்கல் முடிந்தபின் போனே எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

கீழ் போர்ஷனுக்கு இதுவரை ஒரு ரூபாய் வாடகை வரவில்லை. நாலு பேர் என்றது ஒன்பது பேர் ஆனது. சென்டரிங் தகடும் சிமெண்ட் மூட்டையும் வராந்தா முழுக்க அடுக்கி, வீட்டைக் குடோன் ஆக்கிவிட்டார்கள். காலி செய்யச் சொன்னால், "அட்வான்ஸ் 50,000-ஐத் தாங்க, போறோம்" என்கிறார்கள். என் கையில் வராத அட்வான்ஸ்! காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று அந்தக் கண்ணாடிக் கதவு அலுவலகத்தில், அவர் சப் காண்ட்ராக்ட் எடுப்பவர்தான், எங்கள் கணக்குக்குப் பணம் வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள். வீடு பார்க்க வரும்போது அவர் போட்டிருந்தது இவர்களுடைய கம்பெனிச் சட்டை. அதைச் சொன்னதற்குப் பதில் இல்லை.

மேல் வீட்டு நர்ஸ் இந்த மாதத்தோடு போகிறார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒழுகும் வீட்டுக்குக்கூட ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை தந்த பிள்ளை. அவருடைய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க இப்போது நான் கடன் வாங்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கம்பெனிக் கணக்கில் மட்டும் போடுங்கள், பில் வாங்குங்கள். மாடி வேலை முடிந்தது என்றால் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சப் பணம் கொடுங்கள். சீலிங்கில் பூசுவதற்கு முன் கம்பியைக் கண்ணால் பாருங்கள். வேலை பார்ப்பவருக்கே வீட்டை வாடகைக்கு விடாதீர்கள், அட்வான்ஸையும் வேலைப் பாக்கியையும் ஒரு கணக்கில் போடாதீர்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரிக் கம்பெனிச் சட்டை போட்டு வந்த ஆளிடம் நம் மாவட்டத்தில் வேறு யாராவது ஏமாந்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, படங்கள் எதையும் அழிக்காதீர்கள். என்னுடைய 2,85,000 ரூபாய்க்கான எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் கொண்டு போகிறேன்.