கம்பெனிக் காசில் வாங்கிய நாற்காலி

நாற்காலிக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க். அதை வாங்க எங்கள் கம்பெனி பணம் கொடுத்த விதத்துக்கு ஒன்றரைக்கு மேல் போட மனசு வரவில்லை.

2020 மார்ச்சில் சிறுசேரி ஆபீசிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி அம்மா வீட்டுக்கு வந்தவள் நான். முதல் மூன்று மாதம் தாத்தாவின் பர்மா தேக்குச் சாய்வு நாற்காலியில்தான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை எல்லாம். சாப்பிட்டுவிட்டுக் கண் அசர அதைப்போல ஒன்று கிடையாது. டைப் அடிக்க உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். மே கடைசியில், கூகுள் தன் ஊழியர்களுக்கு மேசை நாற்காலி வாங்க 1,000 டாலர் தருவதாக நம்ம சுந்தர் பிச்சை அறிவித்தார். எங்கள் டீம் குரூப்பில் ஒரே பெருமூச்சு. ஜூலையில் எங்களுக்கும் வந்தது: 10,000 ரூபாய்.

வந்தது என்றா சொன்னேன்? சம்பளத்தோடு சேர்த்துப் போட்டார்கள். நான் 30 சதவீத வருமான வரி ஸ்லாபில் இருக்கிறேன். வரிக்கு மேல் போடும் செஸ்ஸும் சேர்ந்து 3,120 வரிக்குப் போக, கைக்கு வந்தது 6,880. நாற்காலி விலை 9,400. மீதி என் காசு. ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் மொத்தப் பத்தாயிரத்தையும் திருப்பித் தரணுமாம், வரி பிடித்தது போக இல்லை!

என் தோழி ஆபீசில் நாற்காலியைக் கம்பெனியே வாங்கி வீட்டுக்கு அனுப்பியது. பொருள் கம்பெனி பெயரில் இருக்கும். விலையில் 10 சதவீதத்தை மட்டும் ஆண்டுதோறும் வரிக் கணக்குக்காக அவள் வருமானத்தில் சேர்ப்பார்கள். என் நாற்காலிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் வருஷத்துக்கு வரி 300 ரூபாய்கூட வராது. உங்கள் எச்ஆர் கருத்துக் கேட்டால் இதைக் கேளுங்கள்.

இன்டர்நெட்டுக்குத் தனியாக மாதம் ஆயிரம் வரை, பில் காட்டினால் உண்டு. எங்கள் வீட்டு பில் ஜிஎஸ்டியோடு 530 ரூபாய்தான். ஆனால் இணைப்பு அப்பா பெயரில். 'ஊழியர் பெயரில் இல்லை' என்று இரண்டு முறை திரும்பி வந்தது. பெயர் மாற்ற அப்பாவைக் கையெழுத்துக் கேட்டால், “ஏன், நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?” என்கிறார்.

சரி, நாற்காலி. முதுகுக்கு வலை, அதனால் வேர்க்காது. காரைக்குடி மே மாதத்தில் இதன் அருமை தெரியும். இடுப்புத் தாங்கல் மேலே கீழே நகரும். கைப்பிடி நகராது, பெரிய குறை. சக்கரம் நைலான், எங்கள் ஆத்தங்குடி கல்லில் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு வாரத்தில் கறுப்புக் கோடும் விழுந்தது. அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரப்பர் மாதிரி மெத்தென்ற சக்கரம் வாங்கி மாட்டியபின் சத்தமும் இல்லை, கோடும் இல்லை. சக்கரத்தை நாற்காலிக் காலில் செருகும் தண்டின் கனம் என்னுடையதில் 11 மில்லிமீட்டர். நீங்கள் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பதினாலாம் மாதம் உயரம் நிற்க மாட்டேன் என்றது. காலையில் மேசை மட்டத்தில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தாடை கீபோர்டுக்கு வந்துவிடும். வாரண்டி பன்னிரண்டே மாதம். உள்ளூர் ரிப்பேர்க்காரர் கவிழ்த்துப் போட்டு, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, உட்காரும் உயரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பழைய கேஸ் சிலிண்டரைக் கழற்றிப் புதுசு மாட்டினார். 900 ரூபாய். அந்த பில்லையும் ஒரு நம்பிக்கையில் அனுப்பிப் பார்த்தேன். 'ஒன் டைம் பெனிஃபிட்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.