ஆறு ஆண்டுகள், ஒரு கறுப்புக் கார், இரண்டே முறை பாலிஷ்

2019-இல் கறுப்பு நிறத்தில் கார் வாங்கினேன். சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். காலையில் கார் துடைக்க வருபவர் எல்லா வண்டிகளையும் ஒரே துணியால், தூசியோடு சேர்த்துத் துடைப்பார். எட்டாவது மாதம் பெட்ரோல் பங்க் விளக்கடியில் பானட்டைப் பார்த்தேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்கோடுகள்.

பக்கத்துப் பட்டறையில் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டார்கள். வண்டி கண்ணாடிபோல் வந்தது. நான்கைந்து முறை வாட்டர் சர்வீஸ் ஆனதும் அத்தனை கோடுகளும் திரும்பிவிட்டன. அவை போகவே இல்லை. எண்ணெயும் மெழுகும் அவற்றை அடைத்து மறைத்திருந்தன. மறைத்ததை நீக்கியதாகச் சொல்லிக் காசு வாங்கியது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதன் பிறகுதான் பாலிஷ் என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன்.

தொழிற்சாலைப் பெயின்ட்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதன் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது. நாம் பார்க்கும் கோடுகள் அதில் விழுந்த பள்ளங்கள். பள்ளத்தின் விளிம்பில் ஒளி சிதறுவதால் அவை தெரிகின்றன. நல்ல பாலிஷ் பள்ளத்தை நிரப்பாது. சுற்றியுள்ள பரப்பைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை சீவும். வாக்ஸ் எனும் மெழுகு அப்படியல்ல, மேலே பூசும் காப்பு மட்டுமே. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது என்பதால், சீவும் ஒவ்வொரு மைக்ரானும் திரும்பி வராத செலவு.

சீவும் வேலையைச் செய்வது அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள். சில பாலிஷ்களில் அவை தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகும்; பாதியில் நிறுத்தினால் மங்கல் படரும். மெகுயர்ஸ் எம் 205 போன்றவற்றில் துகள்கள் தொடக்கத்திலிருந்தே நுண்ணியவை, உடைவதை நம்பியிருப்பதில்லை. எனக்கு இரண்டாவது வகைதான் கைவந்தது.

பாதி வேலை, பாலிஷ் மெஷினில் மாட்டும் ஃபோம் வட்டான பேடில் இருக்கிறது. அதே பாலிஷ் கடின ஃபோமில் வெட்டும், மென்ஃபோமில் மினுக்கும். ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சுழன்று சூடேற்றிவிடும். சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் புதியவர் கைக்கும் பாதுகாப்பானது. நான் அதைத்தான் வாங்கினேன். முதலில் கழுவி, கார் பெயின்ட்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டிய துகள்களை எடுத்து, ஓரங்களில் டேப் ஒட்டுவேன். விளிம்புகளில் பெயின்ட் மெலிந்திருக்கும். இரண்டடிச் சதுரம் ஒன்றில் மென்மையான பேடு, மென்மையான பாலிஷ் என்று தொடங்கிப் பார்ப்பேன். அது போதவில்லை என்றால்தான் அடுத்த படி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சூடான பானட்டில் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சீவிய துகள்கள் பேடில் அடைந்துகொள்வதால் ஒவ்வொரு சதுரத்துக்கும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்வேன்.

பிறகு வருவது, பட்டறையில் எவரும் எனக்குச் செய்து காட்டாத சோதனை: தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைப்பது. எண்ணெய் நீங்கிய பின்னும் கோடு இல்லையென்றால்தான் அது உண்மையில் போயிருக்கிறது.

2020-இல் ஒருமுறை, 2023-இல் ஒருமுறை செய்தேன். தடிமன் அளக்கும் கருவியில் பானட் 118, 115, 113 மைக்ரான் என்று இறங்கியது. கருவி மொத்தத்தைத்தான் காட்டும், ஆனால் இழந்தது முழுதும் கிளியர் கோட்தான். இரண்டாவது முறை குறைவாகச் சீவினால் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் பாலிஷ் அல்ல. கார் துடைப்பவரிடம், “அண்ணே, என் வண்டியை இனிமேல் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம், நானே கழுவிக்கொள்கிறேன்” என்று கேட்டுக்கொண்டேன். மாதக் கூலியைக் குறைக்கவில்லை. இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் கையுறை, கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்.

பறவை எச்சம் அரித்த தடம் ஒன்று கூரையில் லேசாக மிச்சமிருக்கிறது. பின்கதவில் யாரோ சாவியால் இழுத்த கோட்டில் நகம் சிக்குகிறது. அந்த ஆழத்துக்குச் சீவினால் கிளியர் கோட்டே மிஞ்சாது. அதனால் அதைத் தொடவில்லை.