கணையம் அழுகினால்: வயிற்றைத் திறப்பதா, ட்யூப் போட்டுப் பார்ப்பதா?

கணைய அழற்சி முற்றி, செத்துப்போன பகுதியில் கிருமியும் பிடித்துவிட்டால் வீட்டார் முன்னால் இரண்டு வழிகள் வரும். வயிற்றைத் திறந்து அழுகலை மொத்தமாக எடுப்பது ஒன்று. இடது விலாப்பக்கமாக ட்யூப் போட்டுச் சீழை வடியவிட்டு, அது போதாவிட்டால் மட்டும் சின்னத் துளை வழியாக அழுகலை எடுப்பது இன்னொன்று. குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று பல ஊர்களிலிருந்து வேலூருக்கு ஆம்புலன்ஸில் வரும் குடும்பங்கள் கேட்பது, “எதுல செலவு கம்மி?” நியாயமான கேள்விதான். ஆனால் டிஸ்சார்ஜ் பில்லோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு வரும் சுகர் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் வெளியானது. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. உயிரிழப்பும் பெரிய சிக்கல்களும் சேர்ந்து, திறந்த ஆபரேஷனில் 69 சதவீதம், ட்யூப் வழியில் 40. ட்யூப் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதற்கு மேல் எதுவுமே தேவைப்படவில்லை. மொத்தச் செலவும் 12 சதவீதம் குறைவு. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொரு எண். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் 38 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய். ட்யூப் வழியில் 16.

இது வழக்கமான சுகர் அல்ல. இன்சுலினோடு, சர்க்கரை இறங்கும்போது தூக்கிவிடும் குளுக்ககானும் கணையத்தில்தான் சுரக்கிறது. இரண்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென ஏறும், சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் சரசரவென்று இறங்கும். பலருக்கு மாத்திரை போதாது, ஊசிதான். ஒரு நாளைக்கு 30 யூனிட் போடுபவருக்கு 400 யூனிட் உள்ள ஒரு பாட்டில் 13 நாள் வரும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும், சரி. வீட்டில் பரிசோதிக்கும் ஸ்ட்ரிப், சிரிஞ்சு, சாப்பாடு செரிக்க ஒவ்வொரு வேளையும் விழுங்கும் என்சைம் மாத்திரை எல்லாம் பெரும்பாலும் கைக்காசுதான். வருஷம் போகப்போக கண், சிறுநீரகம், பாதம் என்று அடுத்தடுத்த செலவு. முதலமைச்சரின் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. அது அட்மிஷனுக்குக் கைகொடுக்கும், மாதாமாதம் வாங்கும் ஸ்ட்ரிப்புக்கு வராது.

ட்யூப் வழியிலும் கஷ்டம் உண்டு. வாரக்கணக்கில் படுக்கை, திரும்பத் திரும்ப ஸ்கேன், ட்யூபை சலைன் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கூட இருப்பவர் காந்தி ரோட்டிலோ பாபு ராவ் தெருவிலோ லாட்ஜ் எடுத்துத் தங்கினால், வாடகையோடு கூலியும் போகும். பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்படியும் நான் ட்யூப் வழியைத்தான் சொல்வேன். அந்தச் செலவு சில வாரங்களில் நின்றுவிடும். சுகர் அப்படி நிற்காது.

எண்டோஸ்கோபி (வாய் வழியாக விடும் கேமரா குழாய்) மூலம், இரைப்பையின் உள்ளிருந்தே அழுகலை எடுப்பதும் உண்டு. எல்லாருக்கும் பொருந்தாது, அழுகல் இரைப்பையை ஒட்டி இருக்க வேண்டும்.

குடல் ஓட்டையாகிவிட்டாலோ, நிற்காத ரத்தக்கசிவு என்றாலோ திறப்பது தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது தயங்கக் கூடாது. அப்படி இல்லாமல், “உடனே திறந்துடலாம்” என்று சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: அழுகலைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டதா (அதற்குச் சுமார் நான்கு வாரம் ஆகும்), ஆன்டிபயாடிக்கில் அதுவரை தாக்குப்பிடிக்க முடியுமா, ட்யூப் போடும் ரேடியாலஜி டாக்டர் இங்கேயே இருக்கிறாரா. அப்படி ஒரு டாக்டர் இல்லையென்றால், நோயாளி பயணம் தாங்கும் நிலையில் இருக்கும்போதே அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.