கால் வேண்டுமா, கை போதுமா? வீட்டு ரோபோவுக்கான மோட்டர் கணக்கு

வீட்டிலேயே மனித ரோபோ செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் யோசிப்பது முகத்தைப் பற்றி. கமரா எங்கே வைப்பது, எந்தக் குரலில் பேசவைப்பது என்று நாள் போகும். முழங்காலுக்கு எந்த மோட்டர் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். காசு கரைவதும் ரோபோ சரிவதும் அந்த இடத்தில்தான்.

கொழும்பில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் வழி, அலுமினிய பிராக்கெட்டுகளோடு வரும் 17 மூட்டு கிட். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து, ஒவ்வொரு கைக்கும் மூன்று, தலைக்கு ஒன்று. அதற்குப் பெரும்பாலும் போடுவது எம்ஜி996ஆர் சேர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டர். மலிவு, உள்ளூர் எலக்ட்ரோனிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். கை அசைக்க, தலை திருப்ப இது தாராளம்.

காலுக்கு வந்தால் கதை வேறு. ரோபோவின் எடை 1.8 கிலோ என்று வையுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது முழங்கால் அச்சிலிருந்து எடையின் மையம் 5 செ.மீ. விலகினால் அந்த மோட்டர் தாங்கவேண்டிய முறுக்கு விசை 1.8 × 5 = 9 கிலோ-செ.மீ. எம்ஜி996ஆரின் உச்ச முறுக்கு விசை 4.8 வோல்ட்டில் 9.4, 6 வோல்ட்டில் 11. உச்சம் என்றால் மோட்டர் அசையாமல் திணறி நிற்கும் எல்லை. அங்கே வைத்து வேலை வாங்கினால் முழங்கால் ஈ மாதிரி ரீங்கரிக்கும், தொட்டால் சுடும், மெல்ல மெல்லக் கீழே இறங்கும். திணறும் மோட்டர் ஒன்றே 2.5 அம்பியர் வரை இழுக்கும். இரண்டு காலிலும் பத்து இருக்கின்றன. பற்றரியின் வோல்ட் சட்டென்று விழ, கொன்ட்ரோலர் ரீசெட் ஆகி, எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் துள்ளும். மெல்லிய ஜம்பர் வயரில் கரண்ட் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்.

இதைவிடப் பெரிய குறை, கட்டளை ஒரு பக்கமாகவே போவது. முழங்கால் சொன்ன இடத்துக்கு வந்ததா என்று உங்கள் புரோகிராமுக்குத் தெரியாது.

எல்எக்ஸ்-16ஏ போன்ற பஸ் சேர்வோக்கள், அதாவது ஒரே வயர் வழியில் கட்டளை வாங்கிப் பதிலும் சொல்லும் சேர்வோக்கள், இங்கேதான் முந்துகின்றன. 7.4 வோல்ட்டில் ஏறக்குறைய 19 கிலோ-செ.மீ. முறுக்கு விசை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மூன்று வயரால் சங்கிலியாகக் கோர்க்கலாம். கோணம், சூடு, வோல்ட் மூன்றையும் கேட்டால் சொல்லும். மோட்டரைத் தளர்த்திவிட்டு, காலைக் கையால் பிடித்து வேண்டிய நிலையில் வைத்து, கோணங்களை அப்படியே படித்துச் சேமிக்கலாம். நடை பழக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. புதிதாக வரும் எல்லாவற்றின் அடையாள இலக்கமும் 1 என்பதால், ஒவ்வொன்றாக இணைத்து இலக்கம் மாற்றிய பிறகே சங்கிலியில் கோர்க்கவேண்டும். விலை கூட, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவேண்டும், சுங்க வரியும் சேரும்.

டைனமிக்செல் என்ற வகை சேர்வோக்கள் இவற்றுக்கெல்லாம் மேலே. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 83 செ.மீ. உயரப் பொப்பி ரோபோவில் இருப்பவை அவைதான், 25 மோட்டர். அதில் போடும் ரகம் ஒன்றே நூற்றுக்கணக்கான டொலர். பல்கலைக்கழகக் காசு இருந்தால் பாருங்கள்.

காலே வேண்டாம் என்றால் இன்மூவ். பிரெஞ்சுச் சிற்பி காயெல் லாங்ஜெவான் 2012இல் தொடங்கிய, ஆள் உயரத் திறந்த வடிவமைப்பு. பாகங்கள் 12 செ.மீ. தட்டுள்ள சிறு 3டி பிரின்டரிலும் அடிக்கக்கூடியவை. முன்கையில் உள்ள சேர்வோக்கள் நரம்பு மாதிரி ஓடும் நூலை இழுக்க விரல்கள் மடங்கும். அந்த நூல் நாளடைவில் தளரும், திரும்பத் திரும்ப முறுக்கவேண்டும். பெரும்பாலானோர் இடுப்போடு நிறுத்தி ஸ்டாண்டில் ஏற்றிவிடுகிறார்கள். பாடசாலைக் கண்காட்சியில் தள்ளாடி நடக்கும் குட்டி ரோபோவைவிட, கைகொடுக்கும் இதைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

ஆனால் நம் ஊர்ச் சூடும் ஈரமும் இதற்கு எதிரி. 3டி பிரின்டரில் வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ 60 பாகை செல்சியஸை நெருங்கவே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் கை வளைந்துவிடும். வெள்ளவத்தை மாதிரிக் கடலோரம் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்து, அடிக்கும்போது பிரின்டரின் நொசிலில் படபடவென்று வெடிக்கும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சூடு படும் பாகங்களுக்குப் பெட்ஜி என்ற பிளாஸ்டிக் நல்லது.

என் தெரிவு கலப்படம்தான். காலுக்குப் பத்து பஸ் சேர்வோ, கைக்கும் தலைக்கும் ஏழு எம்ஜி996ஆர். ஈஎஸ்பி32 என்ற சிறு கொன்ட்ரோலர் ஒன்றே இரண்டையும் ஓட்டும். மோட்டர்களுக்குத் தனிப் பவர், எர்த் வயர் மட்டும் பொது. ஓடர் பண்ணும்போது காலுக்கு இரண்டு உபரி சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஒன்று போனால் அடுத்த பார்சல் வரும்வரை வேலை நின்றுவிடும்.