கரைவலை வீடியோவை வெட்டிப் பழக ஷாட்கட் போதுமா?

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் போனில் வீடியோ எடுக்காதவர் குறைவு. எடுத்ததை வெட்டி ஒட்டி ஒழுங்காக்கத் தெரிந்தவரும் குறைவுதான். வீட்டில் ஐந்தாறு வருடத்துப் பழைய லேப்டாப் ஒன்று கிடந்தால், எடிட்டிங் பழக ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் தாராளமாகப் போடலாம்.

காசு கிடையாது. வீடியோவின் மூலையில் தன் பெயரையும் ஒட்டாது. போன் ஆப்பான கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு ஒட்டும். டாவின்சி ரிசால்வ் இதைவிடப் பல மடங்கு வல்லது, அதற்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் இல்லாத மெஷினில் அது திணறும். ஷாட்கட் ஹெச்டி வீடியோவுக்குக் கேட்பது 8 ஜிபி. அதற்கும் குறைவாக இருந்தால் ப்ரீவ்யூ ஸ்கேலிங்கை 360 என்று வைத்து, ப்ராக்ஸியையும் போட்டுவிடுங்கள். வெட்டும்போது சின்ன நகல் ஓடும், கடைசியில் முழு வீடியோவாக எக்ஸ்போர்ட் ஆவது அசலிலிருந்து. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசுக்கு விற்பதும் இதே மென்பொருள்தான். ஷாட்கட்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

புதியவர் பலர் தடுக்கி விழுவது முதல் கிளிப்பிலேயே. வீடியோ மோடை ஆட்டோமேட்டிக்கில் விட்டால், முதலில் எந்தக் கிளிப்பைப் போடுகிறோமோ அதன் அளவையே முழு வேலைக்கும் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வந்த நெட்டைக் கிளிப் முதலில் விழுந்தால், பின்னால் வரும் நல்ல வீடியோவெல்லாம் அந்தச் சின்னச் சட்டத்துக்குள் ஒடுங்கிப் போகும். ஆகவே புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே 1080பி, 30 ஃப்ரேம் என்று தேர்ந்துவிடுங்கள்.

அடுத்தது போன் வீடியோவுக்கே உள்ள நோய். பெரும்பாலான போன்கள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். இதை அப்படியே வெட்டினால், போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று விலகும். ஷாட்கட் இதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள். அது காட்டும் மூன்று தரத்தில் ஆகச் சின்னதே பழகுபவருக்குப் போதும். ஃபைல் பெரிதாகும் என்பதால் டிஸ்கில் இடம் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெட்டும் வேலைக்கு மனப்பாடமாக வேண்டிய கீ இரண்டுதான். ‘எஸ்’ அழுத்தினால் கோடு நிற்கும் இடத்தில் கிளிப் இரண்டாகும். ‘எக்ஸ்’ அழுத்தினால் தேர்ந்த துண்டு போய், பின்னால் உள்ளது முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘இசட்’டும் துண்டை எடுத்துவிடும், ஆனால் இடம் காலியாகவே கிடக்கும். எக்ஸ்போர்ட்டில் அது கறுப்பாக வரும். ஒரு கிளிப்பை இழுத்துப் பக்கத்துக் கிளிப்பின் மேல் பாதி விட்டால், இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும் ட்ரான்சிஷன் தானாக வந்துவிடும். கேட்காமல் வருவதால் பலர் மிரள்கிறார்கள். கன்ட்ரோல் இசட் போதும்.

இந்தக் கரைக்குப் பொருந்திய பாடம் ஒன்று சொல்கிறோம், கரைவலை. வள்ளம் வலையை வளைத்து விட்டு வர, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்க, கடைசியில் மீன் சேரும் மடி கரையேறும் வரை நேரம் நிறையப் பிடிக்கும். பார்ப்பவருக்கு மூன்று நிமிடத்தில் காட்ட வேண்டும். புதியவர் செய்வது, படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே இருபது துண்டாக நறுக்குவது. வலை இழுப்பவர் பாடும் அம்பா பாட்டு அங்கங்கே அறுந்து, கேட்கச் சகிக்காது.

மாற்றிச் செய்யுங்கள். அம்பா ஒழுங்காகக் கேட்கும் நீளமான கிளிப் ஒன்றை வி1 டிராக்கில், அதாவது அடி வரிசையில் போடுங்கள். கன்ட்ரோலோடு ‘ஐ’ அழுத்தி மேலே வி2 டிராக்கைச் சேர்த்து, அதன் தலைப்பில் மியூட்டைப் போடுங்கள். இப்போது கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கை, மணலில் ஊன்றிய குதிகால், தூரத்தில் நெருங்கி வரும் வலையின் மிதவை என்று ஒவ்வொன்றையும் மூன்று நான்கு நொடி அளவுக்கு நறுக்கி வி2-வில் வையுங்கள். அடியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், மேலே படம் மாறும். வெட்டிய இடம் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. எடிட்டிங் என்றால் என்ன என்பது கைக்குப் பிடிபடும் இடம் இது. இதற்காகவே ஷாட்கட்டைச் சொல்கிறோம். டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்முன் தெரிவதால் மண்டையில் ஏறும். ஒன்று கவனம்: வி1-ஐ முழுக்க வெட்டி முடித்த பிறகே வி2-வைத் தொடுங்கள். பிறகு வி1-இல் ‘எக்ஸ்’ போட்டால் அந்த டிராக் மட்டும் நகர்ந்து, மேலே வைத்ததெல்லாம் இடம் மாறி நிற்கும்.

சத்தத்துக்கு வருவோம். கச்சான் காற்று அடிக்கும் நாளில் தனுஷ்கோடியில் எடுத்த பேச்சு ‘புர்ர்’ என்றுதான் இருக்கும். ஆடியோ ஃபில்டரில் ஹை பாஸ் என்று இருப்பதைச் சேர்த்து 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வைத்துப் பாருங்கள். அடித்தொண்டை இரைச்சல் குறையும், பேச்சு நிற்கும். 300-ஐத் தாண்டினால் ஆண் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போலாகும். ஆனால் காற்று மைக்கையே திணறடித்து ஒலி உடைந்திருந்தால் எந்த ஃபில்டரும் மீட்காது. எடுக்கும்போதே முதுகைக் காற்றுக்குக் காட்டி, போனை உடம்பின் மறைவில் பிடிப்பது ஒன்றே வழி. பேச்சு சில இடத்தில் கூடியும் சில இடத்தில் குறைந்தும் இருந்தால் நார்மலைஸ் டூ பாஸ் ஃபில்டரைக் கிளிப்புக்குக் கிளிப் போட்டு, அனலைஸ் பட்டனை அழுத்துங்கள். அதில் முதலிலேயே இருக்கும் -23 என்ற ஒலி அளவு டிவி ஒளிபரப்புக்கானது. யூடியூபுக்கு -14 பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் போனில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

படகில் எடுத்ததில் கடல் சாய்ந்து நிற்கும். சைஸ், பொசிஷன், ரொடேட் ஃபில்டரில் 2 டிகிரி திருப்பினால் மூலையில் கறுப்பு எட்டிப் பார்க்கும். கூடவே 107 சதவீதம் பெரிதாக்கினால் மறையும். 1 டிகிரிக்கு 104 போதும். ஸ்டெபிலைஸ் ஃபில்டரை மட்டும் படகு வீடியோவில் நம்ப வேண்டாம். படகின் முன்பக்கமான அணியம் ஒரு பக்கம் ஆட, அடிவானம் வேறு பக்கம் ஆட, எதைப் பிடித்து நிறுத்துவது என்று தெரியாமல் படம் ஜெல்லி போல நெளியும். கரையில் நின்று கையில் எடுத்ததற்கு நன்றாகவே வேலை செய்கிறது.

2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி ஏறுவது போன்ற மெதுவான காட்சியை வேகமாக ஓட்ட, ப்ராப்பர்ட்டீஸில் ஸ்பீடை 8 என்று மாற்றினால் போதும்.

குறை என்றால் எழுத்துதான். தமிழ்த் தலைப்புக்கு யூனிகோட் எழுத்துருவே வேண்டும். விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவைத் தேர்ந்தால் யூனிகோடில் அடித்தது பாமினியில் வராது. துள்ளும் எழுத்து, மின்னும் ஸ்டிக்கர் எல்லாம் இங்கே பெரும்பாடு. கல்யாண ஸ்டேட்டஸ்தான் நோக்கம் என்றால் போன் ஆப்பே சுலபம்.

இன்னொரு குழப்பம்: சேவ் கொடுத்தால் வருவது எம்எல்டி ஃபைல். அதில் வீடியோ இல்லை, எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டுமே. அதை வளைகுடாவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினால் திறக்காது. எக்ஸ்போர்ட்டில் யூடியூப் ப்ரீசெட்டைத் தேர்ந்து எக்ஸ்போர்ட் ஃபைல் அழுத்தி, ஜாப்ஸ் பகுதியில் வேலை முடியும் வரை காத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் இறங்காது. போனில் ஒருமுறை கடைசி வரை ஓட்டிப் பார்க்கும் முன் மெமரி கார்டை அழிக்க வேண்டாம். அசல் கிளிப்பின் இடம் மாறினாலே ஷாட்கட் காணோம் என்று கேட்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுத் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.